துருவில் வந்த ஈயம்: ஃபிளின்ட் நகரத்து ஒரு வீட்டின் குழாய்நீரும் ஒளியியல் உணரிகளும் (நிகழ்வு ஆய்வு)

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரின் குடிநீர் விவகாரம் அரசியலாகவும் வழக்காகவும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. இங்கே எடுத்துக்கொள்வது அந்நகரத்தின் ஒரே ஒரு வீட்டை. 2015இல் அந்த வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் ஈயம் எவ்வளவு இருந்தது, எந்த வடிவில் இருந்தது, ஏன் சிலருக்குத் தெரிந்தது சிலருக்குத் தெரியாமல் போனது என்பதே பொருள். அந்த வீட்டில் ஒளியியல் உணரி எதுவும் வைக்கப்படவில்லை. எண்கள் எல்லாம் ஆய்வகங்களிலிருந்து வந்தவை. அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, நிறம் மாற்றியோ ஒளிர்ந்தோ ஈயத்தைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்று அந்தச் சமையலறையில் இருந்திருந்தால் எங்கே சரியாகச் சொல்லியிருக்கும், எங்கே ஏமாந்திருக்கும் என்று பார்க்கிறோம். கருவி செய்பவர்களுக்கும், பள்ளிக்கோ ஊராட்சிக்கோ வாங்குபவர்களுக்கும் உதவும் என்பதால் கணக்குகளைச் சற்று விரிவாகவே தருகிறோம்.

வேறு அலகு குறிப்பிடாத இடங்களில் ஈய அளவு லிட்டருக்கு மைக்ரோகிராம் என்று கொள்ளவும். அமெரிக்காவில் அப்போது நடவடிக்கை வரம்பு, அதாவது தாண்டினால் நீர் வழங்குபவர் நடவடிக்கை எடுத்தாக வேண்டிய அளவு, 15. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 சொல்லும் அளவும் 10.

பின்னணி

ஃபிளின்ட் நகரம் பல ஆண்டுகளாக டெட்ராய்ட்டிலிருந்து சுத்திகரித்த நீரை வாங்கி வந்தது. அந்த நீரில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். அது குழாயின் உட்சுவரில் கரையாத மெல்லிய படலத்தை உண்டாக்கி, ஈயம் நீரில் இறங்காமல் தடுக்கும். 2014 ஏப்ரல் 25 அன்று நகரம் செலவைக் குறைக்க ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. ஆற்று நீரில் குளோரைடு அதிகம். கலங்கலைத் தெளியவைக்க ஃபெரிக் குளோரைடு போட்டதில் அது இன்னும் கூடியது. அரிப்புத் தடுப்பு மருந்து மட்டும் சேர்க்கப்படவே இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில், எந்திர பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி ஊரிலிருந்த ஒரு கார் எஞ்சின் தொழிற்சாலை அந்த நீரை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. இரும்பை அரிக்கும் நீர் ஈயத்தையும் விட்டுவைக்காது என்ற சந்தேகம் அன்றே எழுந்திருக்க வேண்டும்.

நாம் பார்க்கும் வீட்டுக்குத் தெருவிலிருந்து வந்த இணைப்பில் முதலில் ஈயக் குழாய், அதற்கு அப்பால் ஜி.ஐ. எனப்படும், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வீட்டுக்குள் இருந்த குழாய்கள் அனைத்தும் பிளாஸ்டிக். இந்த வரிசைதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கண்ணில் பட்டதும் அளவில் வந்ததும்

குழாய்நீர் செம்பழுப்பாக வரத் தொடங்கியதும் அந்த வீட்டுப் பெண்மணி நகராட்சியிடம் முறையிட்டார். 2015 பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் ஈயம் 104. மார்ச்சில் 397. அதற்குப் பிறகு 707. நிறம் கூடக்கூட ஈயமும் கூடியது.

நிறத்தைக் கொடுத்தது இரும்பு. கரைந்த ஈய அயனிக்கு நிறமே கிடையாது. 700 இருந்தாலும் தண்ணீர் பளிங்குபோல்தான் இருக்கும். இந்த வீட்டில் இரண்டும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் உண்டு, அது பின்னால் வருகிறது. தெளிந்த நீரில் ஈயம் இராது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்போது எடுக்கப்பட்ட முடிவுகள்

நகராட்சித் தரப்பு, ஈயம் வீட்டின் உட்குழாய்களிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டது. வழக்கமாக அப்படி நடப்பதுண்டு. பித்தளைக் குழாய்முனை, ஈயப் பற்றவைப்பு இவற்றிலிருந்து ஈயம் இறங்கும். ஆனால் நேரில் வந்து பார்த்த மத்திய அரசுக் குடிநீர் விதிமுறை நிபுணர், உள்ளே எல்லாமே பிளாஸ்டிக் என்பதைக் கண்டார். அந்த ஒரு வருகை விவாதத்தின் திசையையே மாற்றியது.

இரண்டாவது முடிவு கணக்கு சார்ந்தது. நகரம் 2015 முதல் பாதியில் எடுத்த 71 மாதிரிகளில் இரண்டு நீக்கப்பட்டு 69 ஆக்கப்பட்டன. நீக்கியவற்றில் ஒன்று இந்த வீட்டின் 104; வீட்டில் வடிகட்டி இருப்பதால் செல்லாது என்பது சொன்ன காரணம். வடிகட்டி இருந்தும் 104 வந்திருக்கிறதே என்பது யாருக்கும் உறுத்தவில்லை போலும். விதிப்படி பார்ப்பது 90ஆம் சதமானத்தை, அதாவது பத்தில் ஒன்பது மாதிரிகள் எந்த அளவுக்குள் அடங்குமோ அந்த எண்ணை. இரண்டும் இருந்திருந்தால் அது 15ஐத் தாண்டியிருக்கும். நீக்கியதும் 11 ஆனது.

மூன்றாவது, மாதிரி எடுக்கும் முறை. முந்தைய இரவே குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, பிறகு மூடி, காலையில் பிடிக்கச் சொன்னார்கள். இரவில் ஓடும் நீர் தளர்ந்த துருவையும் துகளையும் அடித்துச் சென்றுவிடும். வாய் குறுகிய பாட்டில் கொடுத்தால் மக்கள் சிந்தாமல் பிடிக்கக் குழாயை மெல்லத் திறப்பார்கள். மெல்ல ஓடும் நீர் சுவரைச் சுரண்டாது. குழாய்முனைச் சல்லடையைக் கழற்றச் சொன்னால், அதில் தங்கிய ஈயத் துகளும் கழன்றுவிடும். இந்த மூன்றையும் தவிர்க்க வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 பிப்ரவரியில்தான் எழுத்தில் சொன்னது.

ஏப்ரல் மாதிரிகளும் தோண்டியெடுத்த குழாயும்

2015 ஏப்ரலில், முன்கூட்டி ஓடவிடாமல், குறைந்த வேகம், நடு வேகம், முழு வேகம் என்று மூன்று நிலைகளில் அந்த வீட்டிலிருந்து சுமார் 30 பாட்டில்கள் நிரப்பப்பட்டு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குச் சென்றன. ஒன்றுகூட 15க்குக் கீழே இல்லை. உச்சம் 13,200. அபாயக் கழிவு என்று வகைப்படுத்தும் எல்லையான 5,000ஐப் பல மாதிரிகள் தாண்டின.

மே மாதம் இணைப்புக் குழாய் தோண்டி எடுக்கப்பட்டது. நீரில் ஈயத்தோடு சேர்ந்து வந்த பிற உலோகங்களின் விகிதத்தையும் குழாயின் உட்படிவத்தையும் ஒப்பிட்டதில் மூலம் பிடிபட்டது. தெருப் பக்கம் இருந்த ஈயக் குழாயிலிருந்து பல பத்தாண்டுகளாகக் கசிந்த ஈயம், அதை அடுத்து வீட்டுப் பக்கம் இருந்த ஜி.ஐ. குழாயின் துருவில் ஒட்டிச் சேர்ந்திருந்தது. அரிக்கும் நீர் வந்ததும் அந்தத் துரு பிடி தளர்ந்து உதிர்ந்தது. நிறமும் ஈயமும் கைகோத்து வந்தது இதனால்தான்.

ஆக, ஈயத்தில் பெரும்பங்கு தனி அயனியாக வரவில்லை. துருத் துகளில் சவாரி செய்து வந்தது. ஒளியியல் உணரிக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் ஒளியியல் கருவி அங்கே இருந்திருந்தால்

ஈய அயனிக்கு நிறமில்லாததால் நிறம் தரும் வினைப்பொருள் ஒன்றைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டைத்தைசோன், பி.ஏ.ஆர். என்னும் சாயம், போர்ஃபிரின் வகைகள் ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. இவற்றின் எல்லையை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். 15 என்ற அளவு மோலாரில் 72 நானோமோலார். ஈயமும் பி.ஏ.ஆர். சாயமும் சேர்ந்த அணைவு எவ்வளவு வலுவாக ஒளியை உறிஞ்சும் என்பதைச் சொல்லும் மோலார் உட்கவர்வு எண் சுமார் 40,000. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள க்யூவெட்டில், அதாவது மாதிரி ஊற்றும் சிறு கண்ணாடிக் கலத்தில், கிடைக்கும் ஒளி உட்கவர்வு 0.003க்கும் கீழே. நிறத்தின் அடர்த்தியை அளக்கும் மலிவான கலரிமீட்டரில் எல்.ஈ.டி. சூடாவதால் வரும் ஆட்டமே இதைவிட அதிகம். க்யூவெட்டில் விரல்ரேகை பட்டாலும் போச்சு. எனவே நேரடியாக அளக்க முடியாது. 100 மில்லி நீரை ஒரு சிறு பிரிப்புக் குழல் வழியாகச் செலுத்தி ஈயத்தைப் பிடித்துவைத்து, 10 மில்லியில் கழுவி எடுத்தால் பத்து மடங்கு செறிந்து 0.03 கிடைக்கும். இது அளக்கக்கூடிய எண்.

இனி இந்த வீட்டு நீரை அதில் ஊற்றிப் பார்ப்போம்.

முதல் தடை இரும்பு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு என்பது நிறம், சுவைக்காக மட்டும் அமெரிக்கா வைத்திருக்கும் சாதாரண வரம்பு. அந்த அளவிலேயே, 15 ஈயத்தோடு ஒப்பிட்டால் அயனி எண்ணிக்கையில் இரும்பு சுமார் 75 மடங்கு. செம்பழுப்பாக வந்த நீரில் இன்னும் பல மடங்கு இருக்கும். பி.ஏ.ஆர். சாயம் இரும்பு, துத்தநாகம், செம்பு, காட்மியம் எல்லாவற்றோடும் நிறம் தரும், ஜி.ஐ. பூச்சிலிருந்து துத்தநாகமும் காட்மியமும் வரும் வீட்டில் இது ஈயத்தை இல்லாத உயரத்துக்கு ஏற்றிக் காட்டும். டைத்தைசோன் முறையில் அம்மோனியா கலந்த சயனைடு சேர்த்துப் பிற உலோகங்களை மறைப்பது பழைய வழி. அமிலமிட்ட மாதிரியில் தவறிச் சயனைடு விழுந்தால் நச்சுவாயு எழும் என்பதால் வீட்டுக்கோ பள்ளிக்கோ கொண்டுபோகவே கூடாது.

இரண்டாவது தடை எதிர்த்திசையில் இழுக்கும். பிரிப்புக் குழல் அயனியைப் பிடிக்கும், துகளைப் பிடிக்காது. துகள் குழலின் நிரப்பியில் சிக்கி அங்கேயே கிடக்கும், அல்லது அப்படியே வழிந்து வெளியேறும். கருவி 20 என்று காட்டும், பாட்டிலில் 700 இருக்கும். காட்டிய 20 பொய்யில்லை. கரைந்த ஈயம் அவ்வளவுதான் இருந்திருக்கலாம். குழந்தையின் வயிற்றில் இருக்கும் அமிலம் துகளையும் கரைக்கும் என்பதைக் கருவி அறியாது.

மரபணுப் பொருளைக் கொண்டு செய்யும் உணரிகளுக்கும் இதே கதி. 2000ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், ஒரு டி.என்.ஏ. இழையின் முனையில் ஒளிரும் மூலக்கூறும், அதோடு இணைந்த டி.என்.ஏ. என்சைமின் முனையில் அதை அணைக்கும் மூலக்கூறும் இருக்கும். ஈய அயனி வந்தால் அந்த என்சைம் இழையை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும்; துண்டு விலக, ஒளி தெரியும். 10 நானோமோலார், அதாவது ஏறக்குறைய 2 என்ற அளவு வரை அது கண்டுபிடித்தது. தங்க நானோத்துகளை இதோடு சேர்த்த வடிவில் ஈயம் இருந்தால் நீலம் சிவப்பாகும். 522, 700 நானோமீட்டர் இரண்டிலும் அளந்து விகிதம் பார்ப்பார்கள். ஈயத்தை மட்டும் பிரித்தறியும் தேர்வுத்திறனில் இவை சாயங்களைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் என்சைமுக்குத் தேவை நீரில் தனித்து நிற்கும் அயனி. துருவில் ஒட்டிய ஈயத்தை அது தொடாது.

துகளைக் கரைக்க அமிலம் போடலாமே என்றால், அடுத்த சிக்கல் அங்கே. கன அளவில் 2 சதவீதம் நைட்ரிக் அமிலம் சேர்த்த நீரில் அமிலச் செறிவு சுமார் 0.3 மோலார். பி.எச். மாறாமல் காக்க என்சைமுக்குப் போடும் 50 மில்லிமோலார் தாங்கல் கரைசல் அதன்முன் நிற்காது, பி.எச். 1க்குக் கீழேயே கிடக்கும், என்சைம் வேலை செய்யாது, கருவி பூஜ்யம் காட்டும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சமன்செய்தால், கொஞ்சம் தாண்டியதும் இரும்பு பழுப்புப் பஞ்சாகத் திரண்டு, கரைத்து வைத்த ஈயத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். மேல்நீரை எடுத்து அளப்பவருக்கு மீண்டும் குறைந்த எண். இந்தப் பஞ்சை நாம் மிக முக்கியமான ஒன்றாகக் கருதுகிறோம். கருவியோடு வரும் கையேடுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவதுண்டு. தண்ணீரில் எஞ்சிய குளோரின் சாயத்தை வெளுக்கும் என்பது இதற்கு முன் சின்ன விஷயம். கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் போட்டால் தீரும்.

மேல் எல்லையும் உண்டு. 150 வரை அளக்கும் கருவியில் 13,200 விழுந்தால் சாயம் முழுவதும் தீர்ந்து எண் ஓரிடத்தில் நின்றுவிடும், அல்லது பிழைக் குறி வரும். கருவி கெட்டுவிட்டது என்று மூடி வைப்பதுதான் மனித இயல்பு. நூறு மடங்கு நீர்த்துப்போக வைத்தால் 132 என்று ஒழுங்காகக் காட்டும்.

ஈயத்தை நேரடியாகத் தேடாத ஓர் ஒளியியல் கருவி இந்த வீட்டில் முதலில் மணி அடித்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு. அது 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைச் சிதறவைத்துக் கலங்கலை அளக்கும் மலிவான உணரி. நீரின் நிறம் அதைக் குழப்பாது, வினைப்பொருள் செலவில்லை, முழு வேகத்தில் குழாயைத் திறந்ததும் துகள் அலையைக் காட்டும். ஈயம் என்று அது சொல்லாது. இந்த நொடியில் பாட்டிலைப் பிடி என்று சொல்லும். கண்ணாடியில் துரு படிந்தால் எண் மெல்ல மெல்ல ஏறும் என்பதால் வாரம் ஒருமுறை மென்மையான அமிலத்தால் துடைக்க வேண்டும்.

பின்விளைவு

2015 ஜூன் இறுதியில், வீட்டை நேரில் பார்த்த அந்த மத்திய அரசு நிபுணர் தன் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். மாநிலத் தரப்பு அதைப் பொருட்படுத்தவில்லை. ஆகஸ்ட்டில் வர்ஜீனியா டெக் குழு 300 பெட்டிகளை நகரத்து வீடுகளுக்கு அனுப்பியது. ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில்: இரவு முழுதும் தேங்கிய முதல் நீர் 1 லிட்டர், 45 நொடி ஓடவிட்டு 500 மில்லி, 2 நிமிடம் ஓடவிட்டு 125 மில்லி. திரும்பி வந்தவற்றின் 90ஆம் சதமானம் 25ஐத் தாண்டியது. செப்டம்பரில் ஒரு குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை ஒப்பிட்டு, நீர் மாறியபின் குழந்தைகளின் ரத்த ஈயம் உயர்ந்ததைக் காட்டினார். அக்டோபர் 16 அன்று நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. டிசம்பரில் கூடுதல் பாஸ்பேட் சேர்க்கத் தொடங்கினார்கள். வடிகட்டியும் பாட்டில் நீரும் வீடுவீடாகப் போயின. 2016 பிற்பாதியில் 90ஆம் சதமானம் 12 ஆனது. 2024 அக்டோபரில் அமெரிக்கா நடவடிக்கை வரம்பை 10ஆகக் குறைக்கும் விதியை வெளியிட்டது.

இனி மாற்ற வேண்டியது

மாதிரி எடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். உள்விட்டம் 12.5 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு 0.12 லிட்டர் நிற்கும். முதல் லிட்டர் என்பது சுமார் 8 மீட்டர் நீளம். 19 மில்லிமீட்டர் என்றால் மூன்றரை மீட்டர். இந்த வீட்டில் முதல் லிட்டரின் பெரும்பகுதி உட்புறப் பிளாஸ்டிக் குழாயில் தேங்கியது. குற்றவாளிக் குழாயின் நீர் அதற்குப் பின்னால் வரும். ஈய இணைப்புள்ள வீடுகளில் ஐந்தாம் லிட்டரைப் பிடிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி 2021இல் மாறியதற்கு இதுவே காரணம். ஆகவே ஆறு மணி நேரமாவது தேங்கவிட்டு, சல்லடையைக் கழற்றாமல், வாயகன்ற 1 லிட்டர் பாட்டில் ஐந்தை வரிசையாக, குழாயை முழுக்கத் திறந்து பிடிக்க வேண்டும். பிறகு மெல்ல ஓடும் நீரில் ஒன்று.

அடுத்து, ஒவ்வொரு பாட்டிலையும் குலுக்கி இரண்டு 100 மில்லியாகப் பிரிக்கலாம். முதல் பங்கை 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே செலுத்திக் கருவியில் அளந்தால் கரைந்த ஈயம் வரும். இரண்டாவது பங்கில் 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலம் விட்டு, மூடி, குறைந்தது 16 மணி நேரம் வைக்க வேண்டும். கலங்கலின் அலகான என்.டி.யூ.வில் 1ஐத் தாண்டினால் நன்கு சூடாக்கியும் ஆக வேண்டும். அமிலத்தை இரு பங்குகளையும் எடுத்தபின் எஞ்சிய பெரிய பாட்டிலிலும் விட்டு, சுவரில் ஒட்டியதையும் கழுவிச் சேர்ப்பது நல்லது. சமன்செய்யும்போது பழுப்புப் பஞ்சு தெரிந்தால் அந்த மாதிரி கையடக்கக் கருவிக்கு உரியதல்ல. அமில நிலையிலேயே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டாம் பங்கின் எண் முதல் பங்கைவிட வெகு உயரத்தில் இருந்தால் துகளே மூலம். எந்த வடிவ ஈயமானாலும் கொதிக்கவைத்துப் பயனில்லை, வடிகட்டியும் ஈயத்துக்கென்று சான்றளித்ததாக இருக்க வேண்டும்.

சரிபார்ப்பு எளிது. அளந்த நீரின் இன்னொரு 100 மில்லியில், லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஈயம் கொண்ட நிர்ணயக் கரைசலில் 0.1 மில்லி சேர்த்தால் 10 கூட வேண்டும். 8க்குக் கீழோ 12க்கு மேலோ கூடினால் அந்த நீரில் கருவி சொல்வதை நம்ப முடியாது, காரணம் எதுவானாலும். வினைப்பொருள் சேர்க்காத அதே நீரையே பூஜ்யமாக வைக்க வேண்டும். வாலை வடிநீரை வைத்தால் துருவின் நிறமெல்லாம் ஈயமாகத் தெரியும்.

கருவியின் திரையில் வரும் சொல்லையும் மாற்ற வேண்டும். குறைந்த எண் வந்ததும் பச்சை விளக்கோடு "பாதுகாப்பானது" என்று எழுதும் கருவிகள் உள்ளன. இந்த வீட்டின் வடிகட்டிய பங்கிலும் அந்தப் பச்சை எரிந்திருக்கக்கூடும். "கரைந்த ஈயம் மட்டும்: இவ்வளவு" என்று எழுதி, அதன் கீழே எந்த லிட்டர், குழாய் எவ்வளவு திறந்திருந்தது, எத்தனை மணி நேரம் தேங்கியது, அமிலம் விட்டதா என்ற நான்கு கட்டங்களை நிரப்பாமல் முடிவைச் சேமிக்க விடாமல் வைக்கலாம்.